‘போயிட்டு வரேன்’... ஜப்பானியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்!

எர்ணாவூர் பக்கம் ஆட்டோவில் ஏறி ‘சுனாமி குடியிருப்பு’ என்று சொன்னால் போதும், வண்டி கிளம்பிவிடும். எந்த பிளாக், எந்த மாடி என்பதெல்லாம் அப்புறம். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை காசிமேட்டிலிருந்து எண்ணூர் குப்பங்கள் வரை பெரும்பாலானவர்கள் காதில் விழுந்திராத சொல் அது. இன்று அது ஒரு முகவரி.

சுனாமி ஜப்பானியச் சொல் என்பது பலருக்குத் தெரியும். அர்த்தம் தெரிந்தவர்கள் குறைவு. ‘ட்சு’ என்றால் துறைமுகம். ‘நமி’ என்றால் அலை. நடுக்கடலில் படகில் இருப்பவருக்குத் தெரியாமலேயே கடந்துபோய், கரைக்கு வந்து எழும்பி அடிக்கிற அலைக்கு ‘துறைமுக அலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் கிடைக்காது.

இன்னொரு சொல் அதைவிடப் பழையது. ரிக்‌ஷா! ராயபுரம், வண்ணாரப்பேட்டை சந்துகளில் ஒரு காலத்தில் மனிதனே இழுத்த வண்டி. 1973-ல் கலைஞர் ஆட்சியில் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. பெயர் மட்டும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒட்டிக்கொண்டு, இன்று ஆட்டோ ரிக்‌ஷாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முழுப்பெயர் ‘ஜின்-ரிகி-ஷ’. ஜின் என்றால் மனிதன், ரிகி என்றால் சக்தி, ஷ என்றால் வண்டி. மனித சக்தி வண்டி. எம்.ஜி.ஆர் நடித்த படத்தின் தலைப்பிலேயே ஜப்பானியச் சொல் இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் தினமும் அனுப்புகிற ‘எமோஜி’யும் அங்கிருந்து வந்ததுதான். ‘எ’ என்றால் படம், ‘மொஜி’ என்றால் எழுத்து. தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அண்ணனிடம் கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் 5எஸ் போஸ்டரைக் காட்டுவார். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகெ. வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதை இடத்தில் வை, சுத்தம் செய், அதைக் காப்பாற்று, பழக்கமாக்கு. கைசன், கன்பன் என்று இன்னும் சில சொற்களும் ஷிஃப்ட் மீட்டிங்கில் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஆக, ஒரு கைப்பிடி ஜப்பானியம் இந்தப் பகுதியில் ஏற்கெனவே புழங்குகிறது. இப்போது அதை முழுதாகவே கற்க வேண்டிய கட்டாயம் பலருக்கு வந்திருக்கிறது. காரணம், வேலை.

50,000 பேர்... ஒரே ஒரு நிபந்தனை

2025 ஆகஸ்ட்டில் பிரதமர் மோடி டோக்கியோ போயிருந்தபோது இரு நாடுகளும் ஒரு திட்டத்தை அறிவித்தன. 5 ஆண்டுகளில் இரு பக்கமும் சேர்த்து 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குப் போகிற திறன் பெற்ற பணியாளர்களாக இருக்க வேண்டும் என்பது இலக்கு.

இதற்கான முக்கியமான வாசல், 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசா. ஜப்பானிய மொழியில் ‘தொகுதெய் கினோ’. இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. எந்தெந்தத் துறைகள் என்று பார்த்தால் வடசென்னைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். முதியோர் பராமரிப்பு, கப்பல் கட்டுதல், வாகனப் பழுதுபார்ப்பு, தொழிற்சாலை உற்பத்தி, மீன்பிடி, உணவு பதப்படுத்துதல், கட்டடக் கட்டுமானம். வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் வலையும் படகும் தெரிந்த ஊருக்கு எழுதிய பட்டியல் போலவே இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாத் துறைக்குமான திறன் தேர்வும் எல்லா நாட்டிலும் நடப்பதில்லை. தன் துறைக்கான தேர்வு இந்தியாவில் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கட்டணும்.

பட்டம் கேட்பதில்லை. திறன் தேர்வு, கூடவே மொழித் தேர்வு. மொழிக்கு ஜே.எல்.பி.டி எனும் தேர்வில் என்4 நிலை, அல்லது ஜே.எஃப்.டி-பேசிக் என்ற கம்ப்யூட்டர் தேர்வில் 250-க்கு 200. முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்கள் அந்தத் துறைக்கான மொழித் தேர்வு ஒன்றையும் கூடுதலாக எழுத வேண்டும்.

மொழித் தேர்வு என்றதும்தான் முகம் வாடுகிறது. “இங்கிலீஷே தடுமாறுது, இதுல ஜப்பானீஸ் எங்க வரும்?” தமிழ் மீடியத்தில் படித்து ஐ.டி.ஐ முடித்த பையனும், நர்ஸிங் டிப்ளமோ முடித்த பெண்ணும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கேள்வியிலேயே ஒரு தப்பான கணக்கு இருக்கிறது. ஜப்பானிய மொழிக்குப் போகிற வழி ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது?

க, ச, த, ந... அப்புறம்?

ஹிரகனா என்பது ஜப்பானியக் குழந்தைகள் முதலில் கற்கிற எழுத்து வரிசை. 46 எழுத்துகள். 247-ஐப் பார்த்த நமக்கு இது ஒன்றுமே இல்லை. உயிர் எழுத்து ஐந்து: அ, இ, உ, எ, ஒ. பிறகு க வரிசை, ச வரிசை, த, ந, ஹ, ம, ய, ர, வ.

தமிழ் மெய்யெழுத்து வரிசையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதில் ங, ஞ, ட, ண, ல போன்றவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. வித்தியாசம் ஒரே இடத்தில், ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ. அந்த ஹ-வும் பழைய காலத்தில் ப-வாக உச்சரிக்கப்பட்டதுதான். இன்றும் ஹ எழுத்தின் தலையில் சின்ன வட்டம் போட்டால் ப ஆகிவிடும்.

தற்செயல் இல்லை இது. பௌத்தத்தோடு இந்தியாவின் எழுத்துமுறையும் ஜப்பானுக்குப் போனது. சமஸ்கிருத மந்திரங்களைப் படிக்கக் கற்ற துறவிகள், அந்த ஒலிவரிசையிலேயே தங்கள் எழுத்துகளையும் அடுக்கினார்கள். ஏ, பி, சி, டி வரிசையில் வளர்ந்தவர் இதைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும். ‘க கா கி கீ’ சொல்லி வளர்ந்தவருக்குப் பாதி வேலை ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது.

அடுத்து, ஒலியின் நீளம். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மாதக் கணக்கில் தவிக்கிறார்கள். ‘படு’வுக்கும் ‘பாடு’வுக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு ஒரு நிமிடம் போதும். ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்று அழுத்தினால் தபால்தலை. ‘படு’, ‘பட்டு’ கதைதான். ஜப்பானியர்கள் ஒலியை எண்ணுவதும் மாத்திரைக் கணக்கில்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஹைக்கூவில் 5-7-5 என்று எண்ணுவது இந்த மாத்திரையைத்தான். நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, அங்கே ‘ன்’ என்ற ஒற்றுக்கு முழு மாத்திரை. அவ்வளவுதான் வேறுபாடு.

வாக்கியத்துக்கு வருவோம். ‘வதஷி வ கொஹன் ஒ தபெமஸ்.’ நான் - சோறு - ஐ - சாப்பிடுகிறேன். வரிசை அப்படியே. வினைச்சொல் கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘கர’ என்றால் இருந்து, ‘மதெ’ என்றால் வரை. ‘ராயபுரம் கர எண்ணூர் மதெ’ என்று சொன்னால் டோக்கியோ பஸ் டிரைவருக்கும் புரியும், ஊர்தான் தெரியாது. ‘மொ’ என்றால் ‘உம்’. ‘வதஷி மொ’ நானும். கேள்வி கேட்க வேண்டுமா? கடைசியில் ‘க’ சேர்த்தால் போதும். ‘இகிமஸ்’ போறேன், ‘இகிமஸ் க?’ போறீங்களா? நாம் ‘ஆ’ சேர்க்கிறோம், அவர்கள் ‘க’ சேர்க்கிறார்கள்.

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினைச்சொல்லை ஆளுக்கொரு மாதிரி வளைக்கிற வேலையும் அங்கே கிடையாது. எல்லோருக்கும் ‘கிமஷித’தான். இந்த விஷயத்தில் தமிழ்தான் கஷ்டமான மொழி.

இதில் அழகான இடம் ஒன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டி திட்டுவார். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஜப்பானிய வீட்டிலும் பள்ளிக்குக் கிளம்புகிற குழந்தை ‘இத்தெ கிமஸ்’ என்கிறது. ‘இத்தெ’ போய், ‘கிமஸ்’ வருகிறேன். வீட்டில் இருப்பவர் ‘இத்தெரஷ்ஷய்’ என்பார். போயிட்டு வா. ஆங்கிலத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், வராது.

இந்த ‘போய்’ இருக்கிறதே, அதுதான் சாவி. தமிழில் இதற்கு வினையெச்சம் என்று பெயர். எடுத்து வா, செய்து வை, சாப்பிட்டுப் பார், முடித்துவிடு. ஜப்பானியத்தில் இது ‘தெ’ வடிவம். ஆங்கில வழியில் கற்பவர்கள் திணறுகிற இடங்களில் இதுவும் ஒன்று. நமக்கோ ‘மொத்தெ குரு’ எடுத்துட்டு வா. ‘ஷிதெ ஒகு’ செய்து வை. ‘தபெதெ மிரு’ சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்றால் பார்! கண்ணால் பார்க்கிற அதே ‘பார்’. முயற்சி செய்வதற்கு ஏன் ‘பார்’ என்கிறோம் என்று நாம் யோசித்ததில்லை, அவர்களும் யோசித்திருக்க மாட்டார்கள்.

‘கொரெ, சொரெ, அரெ, தொரெ.’ இது, உது, அது, எது. இதில் ‘உது’ சென்னைக்காரருக்கு மறந்துபோனது. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கேட்கிறவர் பக்கத்தில் இருக்கும் பொருளை இன்றும் ‘உது’ என்பார். ஜப்பானிய ‘சொரெ’வும் அங்கேதான் நிற்கிறது.

இவ்வளவு பொருத்தத்தைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். 2008-ல் ஓனோ காலமானார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இலக்கண அமைப்பு ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு மொழிகள் அக்கா தங்கை ஆகிவிடாது. கொரியம், துருக்கியம் எல்லாமும் இதே மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பவைதான். சொந்தமா இல்லையா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கற்பவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை. படி ஏற உதவினால் ஏணி யார் வீட்டு ஏணி என்று கேட்க வேண்டாம்.

வருத்தம் என்னவென்றால், பயிற்சிப் புத்தகங்களின் இலக்கண விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் மீடியம் மாணவர், தனக்கு நெருக்கமான ஒன்றை, தனக்குத் தூரமான ஒன்றின் வழியாகக் கற்கிறார். தமிழிலிருந்து நேராகத் தாண்ட வேண்டிய ஓடையை அண்ணாசாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போவது போல. சொல்லிக்கொடுப்பவர் ‘இத்தெ கிமஸ்’ வருகிற நாளில் ‘போயிட்டு வரேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பாடம் அன்றைக்கே முடிந்துவிடும்.

தங்கமா, வெள்ளியா?

தமிழ் காலை வாரிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. முதலாவது, எழுத்து. நம்மிடம் ஒரே ‘க’. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ஜப்பானியத்தில் வல்லொலிக்கு ஒரு எழுத்து, மெல்லொலிக்கு அதே எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு. ‘கின்’ என்று வல்லொலியில் சொன்னால் தங்கம். அதையே ‘கங்கை’யில் வரும் முதல் ஒலியோடு சொன்னால் வெள்ளி. தமிழில் குறிப்பெடுத்தால் இரண்டும் ‘கின்’. இன்னும் மோசம், ‘தய்ககு’. ஒரு மாதிரி சொன்னால் பல்கலைக்கழகம், இன்னொரு மாதிரி சொன்னால் பாதியில் படிப்பை விடுவது. இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் வந்திருக்கும் ஜப்பானியச் சொற்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால் முதல் இரண்டு வாரத்திலேயே ஹிரகனாவுக்குத் தாவிவிடுவது நல்லது.

இரண்டாவது, மரியாதை. நாம் மரியாதை தெரிந்தவர்கள், அதனால் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். வெளி கம்பெனியிலிருந்து போன் வருகிறது. “எங்க மேனேஜர் சார் இல்லீங்க, வெளிய போயிருக்காரு” என்போம். ஜப்பானில் வெளியாளிடம் பேசும்போது நம் மேனேஜர் நம் வீட்டுக்காரர் மாதிரி. ‘சன்’ என்ற மரியாதை விகுதியை வெட்டிவிட்டு வெறும் பெயரைச் சொல்ல வேண்டும். அதே மேனேஜரிடம் நேரில் பேசும்போது ‘சன்’ கட்டாயம். அப்பாவைப் பற்றி வெளியே சொல்லும்போது ‘சிசி’, வீட்டில் கூப்பிடும்போது ‘ஒதோசன்’. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மட்டும் போதாது, யாரிடம் பேசுகிறோம் என்பதும் கணக்கு.

மூன்றாவது, கன்ஜி எனும் சித்திர எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. என்4 அளவில் சுமார் 300 தெரிந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. ரிக்‌ஷாவில் பார்த்த ‘மனிதன்’ எழுத்து அங்கே ஜின், வேறு இடத்தில் நின், தனியாக நின்றால் ஹிதொ. இதைக் கேட்டுத் தலைசுற்றுபவர்கள் ‘2’ என்ற எண்ணை எப்படிப் படிக்கிறார்கள் என்று யோசிக்கலாம். ‘2 பேர்’ என்றால் ரெண்டு பேர். ‘பிளஸ் 2’ என்றால் டூ. பிளஸ் ரெண்டு என்று யாராவது படிப்பார்களா? எழுத்து ஒன்று, இடத்துக்கு ஏற்ற வாசிப்பு. கன்ஜியும் அப்படித்தான், எண்ணிக்கைதான் பயமுறுத்துகிறது. அதற்குக் குறுக்கு வழி இல்லை. தினமும் ஐந்து எழுத்து, கையால் எழுதி எழுதித்தான்.

சான்றிதழ் வாங்கியாச்சு... கூப்பிடுகிறார்கள், புரியவில்லை

ஜே.எல்.பி.டி-யில் ஐந்து நிலை. என்5 எளியது, என்1 கடினமானது. எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாம் உண்டு. பேச்சுத் தேர்வு மட்டும் கிடையாது. ஒரு வார்த்தை வாய் திறக்காமலேயே என்4 வாங்கிவிடலாம். விமானம் ஏறியவர்கள் அடிபடுவது இங்கேதான்.

பாடப்புத்தகம் பணிவான மொழியைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கும். ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்பது அழகான நீண்ட வாக்கியம். தொழிற்சாலையில் ஒருவர் கை மிஷினுக்குள் போகப்போகிறது என்றால் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார்கள். ‘சவருன!’ தொடாதே! ‘தொமரெ!’ நில்! ‘நிகெரொ!’ ஓடு! உலகம் முழுக்கப் புழங்குகிற ‘மின்ன நொ நிஹொங்கொ’ என்ற தொடக்கப் புத்தகத்தில் 50 பாடங்கள். இந்தக் கட்டளை வடிவம் 33-ஆவது பாடத்தில்தான் வருகிறது. முதல் தொகுதியின் 25 பாடத்தோடு நிறுத்திய ஒருவர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார். தொழிற்சாலைக்கோ கப்பல் கட்டும் தளத்துக்கோ போகிறவர் இந்த ஐந்தாறு சொல்லை முதல் வாரமே கற்றுவிட வேண்டும், பாடம் எத்தனையில் இருந்தாலும்.

அடுத்த ஆபத்து ‘ஹய்’ என்ற சின்னச் சொல். ஆமாம் என்று அர்த்தம் சொல்வார்கள். நடைமுறையில் ‘ம், கேட்டுட்டிருக்கேன்’ என்பதற்கும் ‘ஹய்’தான். புதிதாகப் போனவர் புரிந்தாலும் புரியாவிட்டாலும் ‘ஹய்’ என்று தலையாட்டுவார். நம் ஊர் ‘சரி சார்’ பழக்கம். சூப்பர்வைசர் புரிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். ‘வகரிமசென்’ (புரியலை), ‘மோ இசிதொ ஒனெகய் ஷிமஸ்’ (இன்னொரு தடவை சொல்லுங்க) என்ற இரண்டையும் வெட்கப்படாமல் சொல்லப் பழகியவர் தப்பித்தார். வெட்கம் இங்கே விரலை வாங்கிவிடும்.

ஜப்பானிய அலுவலகங்களில் ‘ஹோரென்சோ’ என்று ஒரு விதி. தகவல் சொல், தொடர்பில் இரு, கலந்து பேசு என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது. பசலைக்கீரைக்கும் அதே பெயர், அதனால் யாருக்கும் மறக்காது. தப்பு நடந்தால் மறைக்காமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் சாரம். சொல்வதற்கு மொழி வேண்டுமே!

முதியோர் இல்லத்துக்குப் போகிற நர்ஸுக்கு வேறு பாடம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி-யில் நிற்பவர் தலைவலியை எப்படிச் சொல்வார்? “விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா.” வயிற்றுக்கு “சுருக் சுருக்குன்னு குத்துது.” ஜப்பானியத் தாத்தாவும் அப்படித்தான். ‘ஸுகிஸுகி’ என்றால் விண் விண். ‘சிகுசிகு’ என்றால் சுருக் சுருக். ‘கன்கன்’ என்றால் மண்டையில் சுத்தியலால் அடிப்பது போல. பளபள, கலகல என்று இரட்டைக்கிளவியில் வளர்ந்த தமிழ் காதுக்கு இது பழக்கமான தாளம். ஆனால் இதைப் பட்டியல் போட்டு யாராவது தர வேண்டும். அதோடு ஒசாகா பக்கம் போனால் வட்டார வழக்கு. ‘கூடாது’ என்பதற்குப் புத்தகத்தில் ‘தமெ’, ஒசாகாவில் ‘அகன்’. மதுரைத் தமிழ் கற்றவர் காசிமேட்டுக்கு வந்த மாதிரிதான் இருக்கும்.

நிலநடுக்கத்தின்போது? 1995-ல் கோபே நகரம் இடிந்தபோது, எச்சரிக்கையும் நிவாரண அறிவிப்பும் புரியாமல் வெளிநாட்டவர்கள் தவித்தார்கள். அதன் பிறகுதான் ‘யசஷீ நிஹொங்கொ’, எளிய ஜப்பானியம் என்ற இயக்கம் வளர்ந்தது. ‘ஹினன்’ என்ற கனமான சொல்லுக்குப் பதிலாக ‘நிகெதெ’, ஓடுங்கள். 2024 புத்தாண்டு அன்று நோதோ தீபகற்பம் குலுங்கியபோது என்.எச்.கே தொலைக்காட்சித் திரையில் பெரிய ஹிரகனா எழுத்தில் வந்தது அந்த எளிய மொழிதான். சுனாமி, ஓடுங்கள். ஹிரகனா மட்டும் தெரிந்தவருக்கும் அது புரியும்.

சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கு?

மொழி தெரியாதவர் முதலில் இழப்பது காசு. ஜப்பானில் தொழிலாளர் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினால் குறைந்தது 25 சதவிகிதம் கூடுதல் சம்பளம். ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால் 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு. 2025-ல் எல்லா மாகாணங்களிலும் மணிக் கூலி 1,000 யென்னைத் தாண்டியிருக்கிறது. இதெல்லாம் சம்பளச் சீட்டில் கன்ஜியில் இருக்கும். ‘சன்ங்யோ’ ஓவர்டைம், ‘கோஜொ’ பிடித்தம், ‘யூக்யூ’ சம்பள விடுப்பு. இந்த மூன்றையும் கண்ணால் அடையாளம் காணத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

இன்னும் பெரிய விஷயம், வேலையை மாற்றுகிற உரிமை. ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ என்ற பழைய திட்டத்தில் போனவர்கள் பொதுவாக முதலாளியை மாற்ற முடியாது. கொடுமை நடந்தாலும் பொறுத்துப் போக வேண்டிய நிலை, அல்லது ஓடிப்போக வேண்டிய நிலை. கடும் விமர்சனத்துக்குப் பிறகு ஜப்பான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு 2024 ஜூனில் புதிய சட்டம் கொண்டுவந்தது. ‘இகுசெய் ஷூரோ’ என்ற புதிய முறை 2027 ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிறது. அதில் சில நிபந்தனைகளோடு தானாக விரும்பி வேறு நிறுவனத்துக்குப் போகலாம். அந்த நிபந்தனைகளில் ஒன்று, ஜப்பானிய மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். குறிப்பிட்ட திறன் விசாவில் இருப்பவர்கள் அதே துறைக்குள் ஏற்கெனவே மாறலாம், ஆனால் புதிய இடத்து இன்டர்வியூவை எந்த மொழியில் கொடுப்பார்கள்? அந்த விசாவின் முதல் நிலையில் மொத்தம் 5 ஆண்டுதான், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால்தான் மனைவி, பிள்ளைகள். அதற்கும் தேர்வுகள் உண்டு.

இதனால்தான் இங்கேயே காசு பறிபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட், ஆள் அனுப்புவதற்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும். பதிவு எண்ணை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். பெரிய தொகை ‘ட்ரெய்னிங் ஃபீஸ்’, ‘டாக்குமென்டேஷன்’ என்ற பெயர்களில்தான் கேட்கப்படும், ரசீது தராதவரிடம் எழுந்து வந்துவிடுவது உத்தமம். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-லிருந்து இருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

படிக்க எங்கே போவது? ஜப்பானில் பயிற்சி முடித்துத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்துகிற ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ் தோசோகை சென்னையில் பல காலமாக வகுப்பு எடுக்கிறது. ‘தோசோகை’ என்றால் பழைய மாணவர் சங்கம். ஜே.எல்.பி.டி ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சில மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும். காசில்லாமல் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘இரொதொரி’ என்ற புத்தகம் ஆடியோவோடு இணையத்தில் இலவசம். கடையில் கேட்பது, வேலையிடத்தில் பேசுவது, டாக்டரிடம் சொல்வது என்று வாழ்க்கைப் பாடங்களாகவே இருக்கும். அங்கே போன பிறகு, உள்ளூர் நகராட்சிகளும் பன்னாட்டுச் சங்கங்களும் நடத்துகிற தன்னார்வ வகுப்புகள் பல ஊர்களில் உண்டு. இலவசம் அல்லது டீக்காசு. ஞாயிற்றுக்கிழமை ரூமில் தமிழ்ப் படம் பார்க்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் அங்கே போனவர்தான் இரண்டு ஆண்டில் பேசத் தொடங்குவார்.

அதுவரை, கையில் இருக்கும் போனிலேயே ஒரு வேலை செய்யலாம். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் ஜப்பானியத்தைச் சேர்த்து, 12 கட்டம் உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். திரையில் அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசையில் கட்டங்கள் வரும். க கட்டத்தைத் தொட்டால் க. அதே இடத்தில் விரலை இடப்பக்கம் தள்ளினால் கி, மேலே தள்ளினால் கு, வலப்பக்கம் கெ, கீழே கொ.